பிசினஸ் டிஜிட்டல் ஆகறது பத்தின ஆய்வுகளை எப்படிப் படிக்கறது? சிங்கப்பூர் சின்னக் கடைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

லிட்டில் இந்தியாவுல ஒரு மளிகைக் கடையில நான் கணக்கு பார்க்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் கடைக்கு வந்தாரு. கையில வழவழன்னு ஒரு புக்லெட், அட்டையில 'ஆய்வறிக்கை'ன்னு போட்டிருந்துச்சு, உள்ள பூரா கலர் கலரா கிராஃப், டிஜிட்டலுக்கு மாறின கடைங்க எல்லாம் மேல போயிடுச்சு, மாறாத கடைங்க எல்லாம் படுத்துடுச்சுன்னு. முதலாளி அண்ணன் என்னைப் பார்த்து "நீ படிச்ச பிள்ளை, என்னம்மா சொல்ற?"ன்னு கேட்டாரு. நான் கிராஃபைப் பார்த்துட்டு "நல்லாத்தாண்ணே இருக்கு"ன்னு சொன்னேன். அன்னிக்கே கையெழுத்து, அன்னிக்கே 3,000 வெள்ளி டெபாசிட்.

மூணு மாசம் கழிச்சு அந்த புக்லெட்டோட கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்துல ரெண்டு வரி. கேள்வி கேட்டதே அந்தக் கம்பெனியோட சொந்தக் கஸ்டமருங்ககிட்ட மட்டும்தான், அதுலயும் ரெண்டு வருஷத்துக்கு மேல சிஸ்டத்தை வச்சிருக்கவங்ககிட்ட மட்டும்தான். ஒத்து வராம பாதியில விட்டுட்டுப் போனவங்க ஒருத்தர் கூட அந்தக் கணக்குல இல்ல. இன்னொரு அடி என்னன்னா, கையெழுத்து போட்டு டெபாசிட் கட்டினதுக்கு அப்புறம் அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, அதனால பாதிச் செலவு திரும்பி வந்திருக்க வேண்டியது அப்படியே போச்சு.

அதுக்கப்புறம் நாலு மாசம் என்னோட லீவு நாள் முழுக்க விக்டோரியா ஸ்ட்ரீட் நேஷனல் லைப்ரரியிலதான். ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் கூட்டம் தள்ளும், மூச்சு விட நேரம் இருக்காது, அதனால எனக்கு செவ்வாய்க்கிழமைதான் லீவு. ஒவ்வொரு செவ்வாயும் ரெண்டு மூணு ஆய்வுப் பேப்பர். நான் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டதை இங்க வரிசையா எழுதறேன். கடை வச்சிருக்கவங்க, அப்பா கடைக்கு "பார்த்து சொல்லுடா"ன்னு மாட்டி விடப்பட்ட பிள்ளைங்க, பார்ட் டைம் டிப்ளோமாவுல இந்தத் தலைப்புல அசைன்மென்ட் எழுதறவங்க, மூணு பேருக்கும் ஆகும்.

1. தேடறதுக்கு முன்னாடி கேள்வியை எழுதுங்க (2 நாள்)

"டிஜிட்டல் ஆனா நல்லதா?"ன்னு தேடினா லட்சக்கணக்குல வரும், எல்லாமே "நல்லது"ன்னுதான் சொல்லும். நானும் முதல் மூணு வாரம் அப்படித்தான் தேடினேன், 40 பேப்பர் டவுன்லோட் பண்ணி ஒண்ணுகூட கடைக்கு ஆகல.

கேள்வியில நாலு விஷயம் இருக்கணும்: எந்த மாதிரி வியாபாரம், எந்தக் கருவி, எது மாறணும், எத்தனை மாசத்துல. எங்க கேள்வி கடைசியில இப்படி வந்து நின்னுச்சு: "25 கிலோ மூட்டையைப் பிரிச்சு சின்னப் பாக்கெட் போடற மளிகைக் கடையில, ஸ்டாக் சிஸ்டம் வச்சா தேதி முடிஞ்சு தூக்கிப் போடற சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள குறையுமா?"

இதை ஒரு பேப்பர்ல எழுதி மேஜைக்கு முன்னாடி ஒட்டிக்கோங்க. கடையில வேலை பார்க்கறவங்ககிட்டயும் காட்டுங்க. எங்க கல்லாவுல உக்கார்ற அக்கா அதைப் படிச்சுட்டு "பூவை விட்டுட்டியே, முழம் கணக்குல விக்கறதுக்கு எந்த மெஷின் பில் போடும்?"னு ஒரே கேள்வி கேட்டாங்க. மல்லிகைப்பூவுக்கு பார்கோடு கிடையாது, கறிவேப்பிலைக்கு கிடையாது, வெத்தலைக்கு கிடையாது. அந்த முதல் சிஸ்டத்துல இதெல்லாம் 'இதர பொருள்'னு ஒரே பட்டன்ல போயிட்டிருந்துச்சு, அதனால ஸ்டாக் கணக்கு என்னிக்குமே நேராகல.

2. மூணு வார்த்தையைப் பிரிச்சுக்கோங்க (அரை மணி நேரம்)

டிஜிட்டைசேஷன், டிஜிட்டலைசேஷன், டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன். காதுல கேட்க எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா வேற வேற. பீட்டர் வெர்ஹோஃபும் கூட சேர்ந்தவங்களும் 2021ல ஜர்னல் ஆஃப் பிசினஸ் ரிசர்ச்ல எழுதின பேப்பர்ல இதை மூணு கட்டமா பிரிச்சிருக்காங்க, எனக்கு அதுக்கப்புறம்தான் தலை தெளிஞ்சுது.

நம்ம கடை பாஷையில சொன்னா: கையால எழுதற பில் புக்கை கம்ப்யூட்டர்ல ஏத்தறது முதல் கட்டம், தகவல் காகிதத்துல இருந்து கம்ப்யூட்டருக்குப் போகுது, வேலை அதே வேலைதான். எது எவ்வளவு வித்துச்சுன்னு சிஸ்டம் பார்த்து, ஆர்டர் போடற முறையே மாறினா ரெண்டாவது. மளிகைக் கடை வெறும் கடையா இல்லாம, ரெஸ்டாரண்டுகளுக்கு மாசச் சந்தாவுல சரக்கு அனுப்பற வியாபாரமா ஆளே மாறிப்போனா மூணாவது.

இதுல மாட்டிக்கறது எங்கன்னா, மூணாவது கட்டத்துக்குப் போன பெரிய கம்பெனிங்க மேல பண்ணின ஆய்வைக் காட்டி முதல் கட்டத்து பொருளை நம்ம தலையில கட்டுவாங்க. பேப்பரை எடுத்த உடனே இது எந்தக் கட்டத்தைப் பேசுதுன்னு ஓரத்துல 1, 2, 3ன்னு எழுதிடுங்க. உங்க கேள்வி 2ன்னா, 3ன்னு போட்டதை எல்லாம் தனியா எடுத்து வச்சிடலாம்.

3. எங்க தேடறது, எவ்வளவு செலவு (1 வாரம்)

செலவு: ஒரு காசு கூட வேண்டியதில்ல. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஜர்னல் சைட்டுக்குள்ள போனா ஒரு பேப்பருக்கு 30, 40 அமெரிக்க டாலர் கேட்கும். நான் ரெண்டு பேப்பருக்கு கார்டைத் தேய்ச்சேன், அதே ரெண்டும் ஆசிரியரோட யுனிவர்சிட்டி பக்கத்துல இலவசமா இருந்துச்சு.

கூகுள் ஸ்காலர்ல தலைப்பைப் போட்டுப் பாருங்க. வலது பக்கம் பிடிஎஃப்னு லிங்க் இருந்தா முடிஞ்சுது. இல்லைன்னா கீழ "எல்லா பதிப்பும்"னு ஒண்ணு இருக்கும், அதுல ஏதாவது ஒண்ணு திறக்கும். அன்பேவால்னு ஒரு இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கு, பிரவுசர்ல போட்டுட்டா சட்டப்படி இலவசமா கிடைக்கிற காப்பி எங்க இருக்குன்னு அதுவே காட்டும். அதுக்கும் கிடைக்கலைன்னா ஆசிரியருக்கு நாலு வரி ஈமெயில் போடுங்க, பாதிப் பேருக்கு மேல எனக்கு அனுப்பி வச்சாங்க, ஒருத்தர் ரெண்டே மணி நேரத்துல.

நேஷனல் லைப்ரரி: சிங்கப்பூரருக்கும் பிஆருக்கும் மெம்பர்ஷிப் இலவசம், சிங்பாஸ் இருந்தா போதும். அவங்க ஈ-ரிசோர்சஸ்ல ஆய்வு டேட்டாபேஸ் பல இருக்கு. கவனிக்க வேண்டியது, சிலது வீட்டுல இருந்தே திறக்கும், சிலது லைப்ரரி கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்கும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே எது எதுன்னு சைட்ல பார்த்துக்கோங்க. விக்டோரியா ஸ்ட்ரீட்ல லீ காங் சியான் ரெஃபரன்ஸ் லைப்ரரியில கவுண்டர்ல இருக்கவங்ககிட்ட கூச்சப்படாம கேளுங்க. "இந்த மாதிரி சின்னக் கடைக்கு ஆய்வு தேடறேன்"னு சொன்னேன், தேடற வார்த்தையை எப்படிச் சேர்க்கணும்னு பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தாங்க.

சிங்கப்பூர் நிலவரத்துக்கு ஐஎம்டிஏ, அதாவது தகவல் தொடர்பு ஊடக வளர்ச்சி ஆணையம், வெளியிடற சிங்கப்பூர் டிஜிட்டல் எகானமி ரிப்போர்ட், அப்புறம் அரசாங்கப் புள்ளிவிவரத் துறையோட சிங்ஸ்டாட் டேபிள் பில்டர், ரெண்டும் இலவசம். வெளிநாட்டோட ஒப்பிட்டுப் பார்க்க ஓஇசிடிங்கற பன்னாட்டுப் பொருளாதார அமைப்போட ரிப்போர்ட்டுங்க.

முதல்ல ரிவ்யூ பேப்பர்ல இருந்து ஆரம்பிங்க, அதாவது நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் படிச்சு எழுதினது. கிரெகோரி வியல் 2019ல எழுதினது ஒண்ணு இருக்கு, 282 ஆய்வு எழுத்துகளை அலசி டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்னா என்னன்னு பார்த்தது. அதை முழுசா படிக்கணும்னு இல்ல, அதுல இருக்கிற படத்தையும் தலைப்புகளையும் பார்த்தாலே இந்த ஏரியாவுல யார் யார் எதைப் பத்திப் பேசறாங்கன்னு ஒரு வரைபடம் கிடைச்சிடும்.

சாட்பாட்கிட்ட "பேப்பர் லிஸ்ட் குடு"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது இல்லாத பேப்பரை இருக்கற மாதிரியே தலைப்பு, ஆசிரியர், வருஷம் எல்லாம் போட்டுத் தரும். எனக்கு ஒரு தடவை ஆறு குடுத்துச்சு, தேடினதுல ரெண்டு உலகத்துலயே இல்ல. ஒவ்வொண்ணோட டிஓஐ நம்பரையும் (பேப்பருக்குன்னு இருக்கற அடையாள எண்) போட்டு, அது திறக்கற பக்கத்துல அதே தலைப்பு வருதான்னு பார்த்துட்டு மட்டும் லிஸ்ட்ல சேருங்க.

4. ஆய்வு எது, விளம்பரம் எது (ஒவ்வொண்ணுக்கும் 10 நிமிஷம்)

எடுத்த உடனே ரெண்டு கேள்வி. யார் காசு போட்டாங்க? யாரைக் கேட்டாங்க?

கம்பெனிங்க வெளியிடற 'ஒயிட் பேப்பர்' எல்லாத்தையும் குப்பைன்னு சொல்லமாட்டேன், சிலதுல நல்ல தகவல் இருக்கும். ஆனா பொருளை விக்கறவங்களே பொருளைப் பத்தி சர்வே எடுத்தா, அதுல வர்ற சதவீதத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாது. கன்சல்டிங் கம்பெனி ரிப்போர்ட்டுங்களும் அப்படித்தான், பெரும்பாலும் பெரிய கம்பெனி மேனேஜருங்களைக் கேட்டு எழுதினது, 14 பேர் வேலை பார்க்கிற கடைக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்.

ஜர்னல்ல வந்துடுச்சுன்னாலே சரின்னும் நினைக்காதீங்க. காசு வாங்கிட்டு எதை வேணா போடற ஜர்னலுங்க நிறைய இருக்கு. ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்னா, அதாவது யார் வேணா இலவசமா படிக்கிற மாதிரி இருந்தா, அந்த மாதிரி ஜர்னலுங்களைச் சரிபார்த்துப் போடற டிஓஏஜே லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, பேப்பரை பின்னாடி வாபஸ் வாங்கியிருக்காங்களான்னு ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸ்ல பாருங்க, ரெண்டும் இலவசம். சப்மிட் பண்ணி நாலே நாள்ல ஏத்துக்கிட்டதா தேதி போட்டிருந்தா நான் மூடி வச்சிடுவேன்.

அடுத்தது எல்லாரும் சொல்ற ஒரு எண். "டிஜிட்டல் மாற்றத்துல 70 சதவீதம் தோத்துப் போகுது." நீங்களும் கண்டிப்பா கேட்டிருப்பீங்க, வெண்டருங்க பயமுறுத்தச் சொல்லுவாங்க, "அதனாலதான் எங்ககிட்ட வரணும்"பாங்க. கம்பெனிங்களை மாத்தி அமைக்கிற முயற்சிகள்ல 70 சதவீதம் தோத்துப் போகுதுன்னு இதோட பழைய வடிவம் ஒண்ணு ரொம்ப காலமா சுத்திக்கிட்டிருக்கு. மார்க் ஹியூஸ்னு ஒருத்தர் 2011ல ஜர்னல் ஆஃப் சேஞ்ச் மேனேஜ்மென்ட்ல அதோட வேரைத் தேடிப் போனாரு. அந்த எண்ணைச் சொன்ன அஞ்சு இடத்தை எடுத்து ஆராய்ஞ்சு, எதுலயும் அதைத் தாங்கற அளவுக்கு சரியான ஆதாரம் இல்லைன்னு எழுதினாரு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மேற்கோள் காட்டி, அவரை மூணாமத்தவர் காட்டின்னு ஓடிக்கிட்டிருக்கு. அதனால ஒரு எண் பிடிச்சிருந்தா அது முதல்ல எங்க எண்ணப்பட்டுச்சோ அந்த இடம் வரைக்கும் பின்னாடியே போங்க, ரெண்டு மூணு கிளிக்தான்.

5. பேப்பரை எந்த வரிசையில படிக்கறது (முதல் பேப்பர் 3 மணி நேரம், பழகினா 30 நிமிஷம்)

முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வரிசையா படிச்சா தூக்கம் வந்துடும். நான் படிக்கிற வரிசை: சுருக்கம், அப்புறம் நேரா 'லிமிட்டேஷன்ஸ்', அதாவது இந்த ஆய்வோட குறைன்னு ஆசிரியரே ஒத்துக்கற பகுதி, பெரும்பாலும் கடைசிக்கு முன்னாடி இருக்கும். அதுக்கப்புறம் சாம்பிள் டேபிள், அப்புறம் முறை, அப்புறம் ரிசல்ட். முன்னுரையில "இன்றைய வேகமான உலகில்"னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் போகும், அதைத் தாண்டிடலாம்.

சாம்பிள் டேபிள்லதான் பாதி உண்மை இருக்கு. எத்தனை கம்பெனி, எந்த நாடு, எந்தத் தொழில், எந்த வருஷம், எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க. கோவிட் நேரத்துல 2020, 2021ல எடுத்த சர்வேன்னா பெருசா குறிச்சு வைங்க, அப்ப கடையைத் திறக்கவே முடியாத நேரத்துல ஆன்லைன்ல விக்கறது கூடினது எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது.

முறைக்கு வருவோம், இங்கதான் நான் ரொம்ப நாள் முழிச்சேன். இந்தத் தலைப்புல வர்ற பேப்பர்ல பாதிக்கு மேல நான் பார்த்தது ஒரே அச்சு: முதலாளி இல்லன்னா மேனேஜர் ஒருத்தருக்கு ஒரு ஃபார்ம் அனுப்புவாங்க, 1ல இருந்து 5 வரைக்கும் டிக் அடிக்கணும். "எங்க நிறுவனம் டிஜிட்டல் கருவிகளை நல்லாப் பயன்படுத்துது", 1 முதல் 5. அடுத்த பக்கத்துல "எங்க நிறுவனத்தோட செயல்பாடு போட்டியாளர்களை விட நல்லா இருக்கு", 1 முதல் 5. அப்புறம் ரெண்டையும் சாஃப்ட்வேர்ல போட்டு அம்புக்குறி படம் வரைஞ்சு, டிஜிட்டல் செயல்பாட்டை உயர்த்துதுன்னு எழுதிடுவாங்க.

இதுல யோசிங்க, ரெண்டு கேள்விக்கும் ஒரே ஆள், ஒரே நேரத்துல, ஒரே மனநிலையில டிக் அடிக்கறாரு. அன்னிக்கு சந்தோஷமா இருந்தா ரெண்டுலயும் 5, வெறுப்புல இருந்தா ரெண்டுலயும் 2. எங்க முதலாளி அண்ணன்கிட்டயே இந்த மாதிரி ஒரு ஃபார்மைக் குடுத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு மொத நாள் கடை நிறைஞ்சு நிக்கும்போது எல்லாத்துக்கும் 5 போட்டாரு, அதே ஃபார்மை ஜனவரியில ஒரு மந்தமான மதியத்துல குடுத்தேன், 3ஐத் தாண்டல. சிஸ்டம் அதே சிஸ்டம்தான். ஆய்வாளருங்களே இதுக்கு காமன் மெத்தட் பயாஸ்னு பேர் வச்சிருக்காங்க. இந்த மாதிரி பேப்பரைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனா "முதலாளிங்க இப்படி நினைக்கறாங்க"ன்னு மட்டும் எடுத்துக்கோங்க, "லாபம் கூடுச்சு"ன்னு எடுத்துக்காதீங்க.

நல்ல ஒப்பீடு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஒரு பேப்பர் சொல்றேன். எரிக் பிரிஞ்ஜால்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் மூணு பேரும் 2023ல வெளியிட்டது. ஒரு கம்பெனியில 5,179 கஸ்டமர் சர்வீஸ் ஆளுங்க, ஏஐ உதவி எல்லாருக்கும் ஒரே நாள்ல வரல, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. அதனால வந்தவங்களையும் இன்னும் வராதவங்களையும் அதே மாசத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க முடிஞ்சுது. யார்கிட்டயும் அபிப்பிராயம் கேக்கல, ஒரு மணி நேரத்துல எத்தனை பிரச்சினையைத் தீர்த்தாங்கன்னு எண்ணினாங்க. சராசரியா 14 சதவீதம் கூடுச்சு, புதுசா சேர்ந்தவங்களுக்கு 34 சதவீதம், அனுபவசாலிங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. இவ்வளவு நல்லா பண்ணின ஆய்வும் ஒரே கம்பெனிதான், டெக்ஸ்ட்ல பேசற வேலைதான், அது நம்ம கல்லாவுக்கு அப்படியே ஒட்டாது. ஆனா "புது ஆளுக்குத்தான் உதவி ஜாஸ்தி"ங்கறது எங்களுக்கு யோசிக்க வச்சுது, எங்க கடையில பாதிப் பேர் பத்து வருஷத்துக்கு மேல இருக்கவங்க.

6. எண் வந்தா நிறுத்திப் பாருங்க

எஸ்எம்இ, அதாவது சின்ன, நடுத்தர நிறுவனம்னு எழுதியிருந்தா யாரோட எஸ்எம்இன்னு கேளுங்க. சிங்கப்பூர்ல வருஷ விற்பனை 10 கோடி வெள்ளிக்குள்ள, இல்ல 200 பேருக்குள்ள இருந்தா எஸ்எம்இ. ஐரோப்பாவுல 250 பேருக்குக் கீழ, கூடவே விற்பனை 5 கோடி யூரோவுக்குள்ள இல்ல பேலன்ஸ் ஷீட் 4.3 கோடி யூரோவுக்குள்ள. இந்தியாவுல ஆள் கணக்கே கிடையாது, முதலீடும் விற்பனையும்தான். ஒரே வார்த்தை, உள்ள இருக்கிறது 8 பேர் கடையும் 190 பேர் ஃபேக்டரியும். அதனால சராசரியைப் பார்க்காம, 10 பேருக்குக் கீழ இருக்கறவங்களுக்கு தனி வரி இருக்கான்னு தேடுங்க.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேற. ஐஎம்டிஏ ரிப்போர்ட்ல சிங்கப்பூர் எஸ்எம்இக்கள்ல ஏஐ பயன்படுத்தறவங்க 2023ல 4.2 சதவீதம், 2024ல 14.5 சதவீதம். இதை "மூணு மடங்குக்கு மேல"ன்னும் சொல்லலாம், "10 புள்ளி கூடுச்சு"ன்னும் சொல்லலாம், "100ல 85 கடை இன்னும் தொடல"ன்னும் சொல்லலாம், மூணுமே உண்மை. விக்க வர்றவர் முதல் வரியை மட்டும்தான் சொல்லுவாரு. பெரிய கம்பெனிங்கள்ல அதே காலத்துல 44ல இருந்து 62.5 சதவீதம். அது கூட, எத்தனை பேர் பயன்படுத்தறாங்கன்னுதான் சொல்லுது, அதனால எவ்வளவு மிச்சமாச்சுன்னு சொல்லல.

டேபிள்ல எண்ணுக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருப்பாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. நட்சத்திரம் கூடக்கூட லாபம் கூடன்னு நினைச்சு ரெண்டு மாசம் தப்பாவே படிச்சேன். அது, வித்தியாசமே இல்லாதப்ப சும்மா தற்செயலா இப்படி ஒரு எண் வர்றது எவ்வளவு கஷ்டம்ங்கறதை மட்டும்தான் சொல்லுது. மூணு நட்சத்திரம் போட்ட அரை சதவீதமும் இருக்கு, எங்க கடைக்கு அது சந்தா காசைக்கூட கட்டாது.

7. மொத்தத்துல ஆய்வுங்க என்ன சொல்லுது

நான் படிச்சதுல நல்லா பண்ணின ஆய்வுங்க திரும்பத் திரும்ப வந்து நின்ன இடம் ஒண்ணுதான்: மெஷின் மட்டும் வாங்கினா ஒண்ணும் வராது, வேலை செய்யற முறையும் ஆளுங்களை நடத்தற விதமும் கூடவே மாறணும்.

நிக்கோலஸ் புளூம், ரஃபாயெல்லா சடூன், ஜான் வான் ரீனன் 2012ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூல எழுதினது இதுக்கு நல்ல உதாரணம். பிரிட்டன்ல இருக்கிற நிறுவனங்களைத்தான் பார்த்தாங்க. ஐடி செலவுக்கு அமெரிக்க முதலாளி இருக்கிற இடங்கள்ல மத்த வெளிநாட்டு முதலாளி இருக்கிற இடங்களை விட பலன் அதிகம். தேடிப் போனா, வேலைக்கு எடுக்கறது, பதவி உயர்வு, பரிசு குடுக்கறது, இந்த மாதிரி ஆள் மேலாண்மையோட அது ஒட்டி வருது. அதே ஊரு, அதே மாதிரி கம்ப்யூட்டருதான்.

ரெண்டாவது, பலன் உடனே வராது. பிரிஞ்ஜால்ஃப்சன், ராக், சிவர்சன் மூணு பேரும் 2021ல ஜே வளைவுன்னு எழுதினாங்க. முதல்ல ட்ரெயினிங், முறையை மாத்தறதுன்னு காசும் நேரமும் போகும், கணக்குல உற்பத்தி இறங்கின மாதிரி தெரியும், அப்புறம்தான் மேல ஏறும். அது நாட்டோட உற்பத்திக் கணக்கு பத்தின பேப்பர், கடைக் கணக்கு இல்ல. ஆனாலும் எங்க கடையில நடந்ததைப் பார்த்தா, முதல் சிஸ்டம் வந்த முதல் பத்து வாரம் கல்லா அக்கா தினமும் அரை மணி நேரம் லேட்டாத்தான் வீட்டுக்குப் போனாங்க, அந்த நேரத்தை வெண்டர் கொட்டேஷன்ல எந்த வரியும் சொல்லல.

அதனால பட்ஜெட் போடும்போது சாஃப்ட்வேர் விலைக்கு கீழ இன்னொரு வரி போடுங்க: சரக்குப் பேர் எல்லாம் ஏத்தற நேரம், சொல்லிக்குடுக்கற நேரம், ஓவர்டைம். எங்களுக்கு 2,100 வகை சரக்கை ஏத்த ரெண்டு பேருக்கு மூணு வாரம் ஆச்சு. இந்த வரியைப் பார்த்துட்டுத்தான் முதலாளி அண்ணன் ரெண்டாவது சிஸ்டம் வாங்கறப்ப "மெதுவா பண்ணலாம்"னு சொன்னாரு.

8. வாங்கறதுக்கு முன்னாடி உங்க கடையிலயே அளந்துக்கோங்க (4 வாரம்)

இதைப் பலர் விட்டுடறாங்க. வாங்கின அப்புறம் "குறைஞ்சுதா?"ன்னு கேட்டா, முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

நாங்க பின்கட்டுல ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி வச்சோம். தேதி முடிஞ்சது, வண்டு விழுந்தது, பாக்கெட் கிழிஞ்சது எல்லாம் நேரா குப்பைக்குப் போகாம அந்தத் தொட்டிக்கு. சாயங்காலம் கடை மூடறதுக்கு முன்னாடி ஒரு தம்பி தராசுல நிறுத்து, பக்கத்துல ஆணியில தொங்கற நோட்டுல தேதி, பொருள், எடை, வாங்கின விலை எழுதுவான். நாலு வாரம் விடாம. முடிவுல என்ன தெரிஞ்சுதுன்னா, நாங்க நினைச்ச மாதிரி அரிசி பருப்பு இல்ல, பெரும் பகுதி பால் சாமானும் இட்லி மாவும்தான். ரெண்டுக்கும் ரெண்டே சப்ளையர். ஒருத்தர்கிட்ட ஆர்டர் நாளை மாத்தினதுலயே கொஞ்சம் குறைஞ்சுது, அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டியிருக்கல.

9. மானியம், பேப்பர், தேதி

வாங்கறதுன்னு முடிவாச்சுன்னா பிஎஸ்ஜி, அதாவது ப்ரொடக்டிவிட்டி சொல்யூஷன்ஸ் கிராண்ட். தகுதியான செலவுல 50 சதவீதம் வரைக்கும். கம்பெனி சிங்கப்பூர்ல பதிவாகி இங்க இயங்கணும், குறைஞ்சது 30 சதவீதப் பங்கு சிங்கப்பூரர் இல்ல பிஆர்கிட்ட இருக்கணும், வாங்கறதை இங்கேயே பயன்படுத்தணும்.

வரிசை முக்கியம். முதல்ல முன்அனுமதி வாங்கின வெண்டர் லிஸ்ட்ல இருந்து கொட்டேஷன், அப்புறம் பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டல்ல கார்ப்பாஸ் (கம்பெனிங்களுக்கான அரசாங்க லாகின்) வச்சு விண்ணப்பம், அப்புறம்தான் கையெழுத்தும் காசும். டெபாசிட் 50 வெள்ளியா இருந்தாலும் முன்னாடியே கட்டிடாதீங்க. பேப்பர் எல்லாம் சரியா இருந்தா பதில் வர 4ல இருந்து 6 வாரம். நிறைய பேர் தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சுட்டு, அவசரத்துல வெண்டர் நெருக்க கையெழுத்து போட்டுடறாங்க. தீபாவளிக்கு வேணும்னா ஜூன் ஜூலையிலயே நோட்டைத் திறந்துடுங்க.

பணம் முதல்ல நம்ம கையில இருந்து முழுசா போகும், அப்புறம் க்ளெய்ம் பண்ணித்தான் திரும்பி வரும், அதனால முழுத் தொகையும் கையில இருக்கணும். ஜிஎஸ்டிக்கு மானியம் கிடையாது, அந்த 9 சதவீதத்தை தனியா வச்சுக்கோங்க. இன்வாய்ஸ், பேங்க்ல காசு போனதுக்கு சான்று, சிஸ்டம் கடையில ஓடறதுக்கு ஸ்கிரீன்ஷாட், மூணையும் வாங்கின அன்னிக்கே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.

வெண்டர் கொட்டேஷனோட ஒரு 'ஆய்வறிக்கை'யும் குடுத்தாருன்னா, கடைசிப் பக்கத்தை முதல்ல திருப்புங்க. அப்புறம் அவர்கிட்ட ரெண்டு நம்பர் கேளுங்க: ஒண்ணு இப்ப சிஸ்டத்தை வச்சிருக்கற கடை, இன்னொண்ணு நிறுத்திட்டுப் போன கடை. எங்க ரெண்டாவது வெண்டர் ரெண்டு நம்பரும் குடுத்தாரு. நிறுத்திட்டுப் போன கடைக்காரர்கிட்ட கால் மணி நேரம் பேசினேன், அவர் நிறுத்தினதுக்குக் காரணம் எடை போட்டு விக்கற சாமானுக்கு தராசு சிஸ்டத்தோட பேசலைங்கறதுதான். அதை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டுத்தான் கையெழுத்து போட்டோம், இப்ப பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் தனித்தனி பட்டன் இருக்கு.